ஆன்லைனில் விண்ணப்பித்த பிறகும் ஏன் நேரில் வரச் சொல்கிறார்கள்?

பாஸ்போர்ட்டுக்கோ அடையாள அட்டைக்கோ இணையத்தில் விண்ணப்பித்து, பணமும் கட்டி முடித்தபின், இன்ன தேதியில் நேரில் வரவும் என்று செய்தி வரும். அப்புறம் எதற்கு ஆன்லைன் என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் பெரும்பாலான நாடுகளில் இணையத்துக்கு மாறியிருப்பது படிவமும் கட்டணமும்தான். வந்திருப்பவர் அவர்தானா என்று பார்க்கும் வேலை இன்னும் கவுண்டரில்தான் நடக்கிறது.

எது வீட்டிலிருந்தே முடியும், எதற்கு அலைய வேண்டும் என்பதை ஒரு கேள்வியைக் கேட்டே ஓரளவு ஊகித்துவிடலாம். உங்கள் முகத்தையும் விரலையும் அந்த அரசு இதற்குமுன் நேரில் பார்த்துப் பதிந்திருக்கிறதா?

இந்தியாவில் ஆதார் இருப்பவர், அதோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தே இ-பான் (வருமான வரிக்கான பான் அட்டையின் மின்வடிவம்) வாங்கிவிடலாம். யாரும் நேரில் கூப்பிடுவதில்லை. ஆதார் மையத்தில் விரல்களையும் கருவிழியையும் பதிந்தபோதே அந்த வேலை முடிந்துவிட்டது. அதே ஆதாரில் முகவரியை இணையத்தில் மாற்றலாம். கைரேகை, கருவிழி, புகைப்படம் என்றால் மையத்துக்குத்தான் போக வேண்டும். குழந்தைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் செய்ய வேண்டிய கட்டாயப் புதுப்பிப்பும் அப்படித்தான்.

அமெரிக்காவில் முதல் பாஸ்போர்ட் கேட்பவர் டிஎஸ்-11 படிவத்தோடு நேரில் போக வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அலுவலர் சொன்னபிறகு, அவர் கண்ணெதிரில்தான் போட வேண்டும். புதுப்பிப்பவர்களுக்கோ தபால் வழி பல காலமாக உண்டு. 2024 செப்டம்பரில் இணையப் புதுப்பிப்பும் எல்லோருக்கும் திறந்தது; ஆனால் 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், பெயர் மாறியிருக்கக் கூடாது என்பதுபோல நிபந்தனைகள் உண்டு. பிரிட்டனில் முதல் பாஸ்போர்ட்டுக்கே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பதிலாக, உங்களைக் குறைந்தது 2 ஆண்டுகளாகத் தெரிந்த, உறவினர் அல்லாத ஒருவர் 'இவர் இவர்தான்' என்று உறுதி சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் நேர்காணலுக்கும் அழைப்பார்கள். இலங்கையில் 2023-இல் தொடங்கிய இணையவழி பாஸ்போர்ட் முறையில், கைரேகை கொடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்படி வைத்தார்கள். கொழும்புக்கு அலைவது அந்த அளவுக்கு மிச்சம்.

இந்திய பாஸ்போர்ட் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தாலும், முகவரி அதேதான் என்றாலும், மறுவழங்கலுக்கும் பாஸ்போர்ட் சேவை மையமான சேவா கேந்திராவில் நேரில் நின்றாக வேண்டும். விரல் பதிவு ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும்போது இது அதிகப்படி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியும் நடைமுறை இதுதான்: இணையத்தில் படிவம் நிரப்பி, பணம் கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுத்து, ஒரிஜினல் ஆவணங்களோடு போக வேண்டும். டோக்கன் வாங்கியதும் ஏ கவுண்டரில் புகைப்படமும் கைரேகையும் எடுத்து, ஆவணங்களை ஸ்கேன் செய்வார்கள். பி-யில் சரிபார்ப்பு அலுவலர், சி-யில் முடிவு சொல்லும் அலுவலர். போட்டோ அங்கேயே எடுப்பதால் கையில் கொண்டுபோகத் தேவையில்லை. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டும். அதன்பிறகு பலருக்கும் போலீஸ் விசாரணை இருக்கும். அது பெரும்பாலும் வீட்டு முகவரிக்கே வரும்; ஆகவே இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த முகவரியையே கொடுங்கள்.

ஏ கவுண்டரில் திரையைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லும்போது தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக விடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் அட்டையில் முன்னும் பின்னும் மாறி என்று மூன்று விதமாக இருந்தால், ஆவணம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு, பிறகு அப்பாயின்ட்மென்ட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நேரில் போவதே சிலருக்கு வசதி என்பதையும் சொல்ல வேண்டும். கடின வேலையில் விரல் ரேகை தேய்ந்துபோனவருக்குக் கருவிழியையும் பார்க்க ஆதார் மையத்தில் கருவி இருக்கிறது. தாளில் விண்ணப்பிக்கும் வழியை பிரிட்டன் இன்னும் மூடவில்லை. ஆனால் கட்டணம் இணையத்தைவிடக் கூடுதல். கணினி பழகாத முதியவர்தான் அந்தக் கூடுதலைக் கட்டுகிறார் என்பது உறுத்துகிறது.

இணையத்தில் விண்ணப்பிப்பவர் முதலில் தளத்தின் முகவரியைப் பார்க்க வேண்டும். தேடினால் மேலே வருவதெல்லாம் அரசுத் தளம் அல்ல. படிவத்தை நிரப்பித் தருகிறோம் என்று பணம் பிடுங்கும் தளங்களும் அதே நிறத்தில், அதே சின்னத்தோடு நிற்கும். இந்தியாவில் முகவரி ஜிஓவி-டாட்-ஐஎன் என்று முடிகிறதா பாருங்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்துச் செய்பவர்கள், மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் தங்களுடையதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், அப்பாயின்ட்மென்ட் செய்தியும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.