சிவப்பு வைன் குடித்தால் இரத்தம் ஊறுமா?

மடுத் திருவிழாவுக்கும் மார்கழி விடுமுறைக்கும் பிரான்சிலும் சுவிஸிலும் இருந்து வரும் உறவுகளின் பெட்டியில் ஒரு சிவப்பு வைன் போத்தல் இருப்பது வன்னியில் இப்போது வழமை. அடுத்த கிழமை கிளினிக்கில் அதே கேள்வி வரும்: "மகளுக்கு இரத்தம் குறைவு எண்டவை. இதில கொஞ்சம் குடுக்கலாமோ?" குடுக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ஒரு மிடறுகூட வேண்டாம். வயிற்றிலுள்ள பிள்ளையை மதுசாரம் பாதிக்கும் என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது: வைனுக்குச் சுவை தருகிற பொருளே இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது.

கறுப்புத் திராட்சையில் பெரும்பாலான இனங்களின் சாறு நிறமற்றது. தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடும்போதுதான் தோலிலுள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் சாற்றில் இறங்கும். கூடவே தனினும் இறங்கும். நாவற்பழம் தின்றால் நாக்கையும் முரசையும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைத் தருவதுதான் தனின்.

வைனின் தரம் பேசுவோர் பெரிதாகப் பேசுவது இந்தத் துவர்ப்பைத்தான். பிரான்சின் போர்தோவில் ஆற்றின் இடது கரையான மெடொக்கில் கபெர்னே சோவின்யோன் என்ற திராட்சை இனம் முன்னிற்கும். சிறிய பழம், தடித்த தோல், அதனால் துவர்ப்புக் கூட. வலது கரையான செந்தெமிலியோனில் மெர்லோ. பிளம்ஸ் மணமும் மென்மையும். பர்கண்டியின் பினோ நுவார் மெல்லிய தோல் கொண்டது. கிளாசின் மறுபக்கம் தெரியுமளவு வெளிர் நிறம், செரிப்பழ வாசம். ரோன் பள்ளத்தாக்கின் வடக்கில் விளையும் சிராவில் மிளகு மணக்கிறது என்பார்கள். அது வெறும் வர்ணனை அல்ல. மிளகிலுள்ள ரொட்டன்டோன் என்ற அதே சேர்மம் சிராவின் தோலிலும் உண்டு. இதே இனம் அவுஸ்திரேலியாவின் பரோசாவில் சிராஸ் என்ற பெயரில் வெயிலில் நன்கு பழுத்து, சீனி கூடி, 14–15% மதுசாரத்தோடு வரும். ஸ்பெயினின் ரியோகாவில் டெம்பிரானில்லோவை அமெரிக்க ஓக் பீப்பாவில் வைப்பதால் வனிலா, தேங்காய் மணம் ஏறும். லேபலில் ரிசேர்வா என்றிருந்தால் குறைந்தது 3 வருடம் முதிர்ந்தது. இத்தாலியின் பரோலோ நெபியோலோ இனத்தில் செய்வது. நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ மிகக் கடுமை. நிறத்தைப் பார்த்துத் துவர்ப்பைக்கூட மதிப்பிட முடியாதபோது இரத்தம் ஊறுமென்று எப்படிச் சொல்வது?

150 மி.லீ. வைனில் இரும்பு 1 மில்லிகிராமும் இல்லை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் அளவில் வேண்டும். போதாததற்குத் தனின் குடலில் இரும்போடு பிணைந்து, கீரையிலும் பருப்பிலும் இருந்து உடம்பு எடுக்க வேண்டியதையும் மறித்துவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. பாதுகாப்பான மதுசார அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. திராட்சைத் தோலிலுள்ள, இதயத்துக்கு நல்லதென்று பலரும் புகழும் ரெஸ்வெரட்ரோல் என்ற பொருள் ஒரு லீற்றர் வைனில் சில மில்லிகிராம்தான்.

"வைன்தானே" என்று ஒரு போத்தலை முடிப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். 13.5% உள்ள 750 மி.லீ. போத்தலில் தூய மதுசாரம் 80 கிராம். 180 மி.லீ. கால்போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 50 கிராம். நீரிழிவுக்குக் கிளிக்லசைட் போடுபவருக்கு வெறும் வயிற்றில் வைன் குடித்தால் சீனி திடீரென இறங்கலாம். தடுமாற்றத்தைப் பார்த்து வெறி என்று வீட்டார் படுக்க விட்டுவிடுவதுதான் ஆபத்து. கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் மெற்றோனிடசோல் எடுக்கும்போதும் முடிந்து குறைந்தது 2 நாளும் தொடவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்போர் வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். பாலூட்டும் தாய்க்குப் பத்தியமாகக் கொடுப்பதும் தவறு. தாயின் இரத்தத்தில் எவ்வளவு மதுசாரமோ, பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு.

அன்பளிப்பாக வந்த போத்தலைத் தகரக் கூரைக்குக் கீழ் அலுமாரியில் வைத்தால் சில கிழமையில் பழ வாசம் போய்க் காய்ச்சிய ஜாம் மணம் வரும். தக்கை மேலே தள்ளும். வைக்க ஏற்றது 12–15 பாகை செல்சியஸ், குடிக்க 16–18 பாகை. "அறை வெப்பநிலையில் பரிமாறு" என்பது ஐரோப்பாவின் குளிர் அறைக்குச் சொன்னது. எங்கள் வெயிலுக்குப் பிரிட்ஜ்தான் வழி. திறந்தால் 3–5 நாள். பிறகு புளித்து வினாகிரியாகும். அடியில் படியும் மண்டி பழுதல்ல.

இரத்தம் குறைந்தவருக்கு வேலை செய்வது குளிசைதான். இரும்புக் குளிசையை விற்றமின் சி குளிசையோடு அல்லது தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். கல்சியம் குளிசைக்கு 2 மணித்தியால இடைவெளி விடுங்கள். தேத்தண்ணியும் அப்படியே. மலம் கறுத்தால் பயந்து நிறுத்த வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். முருங்கை இலை, கௌபி, நெத்தலி ஆகியவற்றைத் தேசிப்புளி விட்டுச் சமையுங்கள். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் இருந்து, ஒரு மாதம் ஒழுங்காகக் குளிசை எடுத்தும் ஏறாவிட்டால், பூச்சித் தொற்றோ பரம்பரை இரத்த நோயான தலசீமியாவோ இருக்கிறதா என்று பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள்.