முகம் பார்க்காத நண்பர் இறந்தால் யாரிடம் துக்கம் கேட்பது?

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், "சமீபத்தில் யாராவது தவறிப்போனார்களா?" என்று கேட்பது என் வழக்கம். சிலர் இல்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டில் இல்லைங்க, வாட்ஸ்அப்பில் ஒரு நண்பர்" என்று இழுப்பார்கள். சொல்லும்போதே ஒரு சிரிப்பு வரும். இதற்கெல்லாமா ஆலோசனை என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான்.

அப்படி வந்த ஒருவர் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐம்பதைத் தாண்டிய அரசு ஊழியர். இறந்த நண்பர் வேறு மாவட்டத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். காமிக்ஸ் குழுவில் அறிமுகம், பல வருடப் பழக்கம், தினமும் பேச்சு. "இந்த வருஷம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் கட்டாயம் பார்த்துடணும்" என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் சொல்லிக்கொள்வார்களாம். இரண்டில் ஒருவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

போனைத் திறந்து காட்டினார். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன ஒரு முத்து காமிக்ஸின் படத்தை இவர் அனுப்பியிருக்கிறார். "என்கிட்ட முழுசா இருக்கு ஜி. ஞாயித்துக்கிழமை ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்" என்று பதில். அதற்குக் கீழே இவர் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. "ஜி, மறந்துட்டீங்களா?" என்றுகூட ஒன்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு, குழுவில் யாரோ போட்ட ஒரு வரியில்தான் சாவே தெரிந்திருக்கிறது. "முகமே பார்க்காத ஆளுக்காக இப்படிச் சாப்பிடாம உட்கார்ந்தா எப்படிங்க?" என்று மனைவி கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அந்த நண்பர் போனில் வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாவு வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும், பங்காளிகள் முன்னால் நிற்பார்கள், தெருக்காரர்கள் நாற்காலி போடுவார்கள், ஆபீஸ்காரர்கள் மாலையோடு வந்து போவார்கள். பதினாறாம் நாள் வரைக்கும் யார் வர வேண்டும், யார் அழலாம் என்பதெல்லாம் முறையாக இருக்கிறது. வாட்ஸ்அப் நண்பருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா இதைத்தான், சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்று 1980களின் கடைசியில் எழுதினார். இழப்பு ஒரு பாரம் என்றால், அதை ஒளித்துவைப்பது இன்னொரு பாரம்.

காமிக்ஸ் நட்பில் இது கூடுதலாகவே வலிக்கிறது. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் லயனும் ராணி காமிக்ஸும் வந்தன. அன்று வாடகை நூலகத்தில் வரிசையில் நின்ற பையன்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. ஸ்பைடர் பெரியவனா ஆர்ச்சி பெரியவனா என்று ராத்திரி பதினோரு மணிக்குச் சண்டை போட வீட்டில் யார் இருக்கிறார்கள்? அந்தச் சிறுவயதுக்கு நண்பர்தான் சாட்சி. இன்னொன்று, இது மாரடைப்பும் சர்க்கரையும் தேடி வரும் வயது. இந்தக் குழுக்களில் இனி இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வரும். அதற்குத் தயாராக இருப்பது நல்லது.

இணைய நட்பு உண்மையான நட்பா என்று கேட்பவர்களுக்கு நான் நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனைப் பற்றிச் சொல்வதுண்டு. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014இல் 25 வயதில் இறந்தார். மகன் தனிமையில் கணினி விளையாட்டு விளையாடியே காலம் கழித்தான் என்று நினைத்த பெற்றோர், அவருடைய வலைப்பக்கத்தில் இறப்புச் செய்தியைப் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. விளையாட்டில் பழகிய சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். பெற்றவர்களுக்கு மகனைப் பற்றி அதுவரை தெரியாத பாதியைச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

மேலே சொன்னவரிடமும் அதைத்தான் செய்யச் சொன்னேன். குழுவில் நாலு பேரைக் கூட்டி, ஒரு ராத்திரி போனிலேயே அவரைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "உங்கள் அப்பா எனக்கு இன்னின்ன உதவி செய்தார்" என்று கேட்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். ஒன்றே ஒன்று, அந்தப் பேச்சில் புத்தகங்களைப் பற்றி வாயே திறக்காதீர்கள். காரியம் முடிவதற்குள் "அந்த கலெக்‌ஷனை என்ன செய்யப் போறீங்க?" என்று போன் போடும் சேகரிப்பாளர்களைப் பற்றிக் குடும்பங்கள் என்னிடம் கசந்து பேசியிருக்கின்றன. அக்கறையில் கேட்டாலும் அந்த நேரத்தில் அது அக்கறையாகக் கேட்காது.

அரட்டையை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, விருப்பப்பட்டால் கண்ணில் படாமல் ஒதுக்கிவையுங்கள். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் நீக்கப்படும். சிம் ரத்தானால் அந்த எண் பிறகு வேறொருவருக்குப் போகவும் கூடும். ஒருநாள் காலையில் நண்பரின் பெயருக்குப் பக்கத்தில் யார் வீட்டுக் குழந்தையோ சிரிக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி கொஞ்சம் குறையும்.

பெரும்பாலோருக்கு இந்தத் துக்கம் தானாக ஆறும், மருந்து மாத்திரை வேண்டாம். பல மாதங்கள் ஆன பிறகும் தினமும் அதே ஏக்கம், வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சேகரிப்பாளர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் பீரோவில் இருப்பது என்ன, எதற்கு என்ன மதிப்பு என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் அது பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில்தான் போகும். ஒரு நோட்டில் புத்தகப் பட்டியல், யாரிடம் கொடுக்கலாம் என்ற விவரம், எனக்கு ஏதாவது ஆனால் தகவல் சொல்ல வேண்டிய இரண்டு நண்பர்களின் பெயரும் எண்ணும். எழுதி, மனைவியிடமோ பிள்ளைகளிடமோ காட்டி வையுங்கள். "என்னங்க இது அபசகுனமா" என்று திட்டு விழும். விழட்டும்.