இரவில் அந்த மோட்டாரை நிறுத்தலாமா?

“எங்கள் தொடர்மாடியின் கீழே கழிவுநீர்த் தாங்கிக்குக் காற்று ஊதும் மோட்டார் விடிய விடிய உறுமுகிறது. கரன்ட் பில்லைக் குறைக்க இரவில் நிறுத்தலாம் என்கிறார்கள். நிறுத்தலாமா?” வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி.

நிறுத்த வேண்டாம்.

மலசலகூட நீரும் சமையலறை நீரும் முதலில் கம்பிவலையைத் தாண்டும், பிறகு காற்றூட்டும் தாங்கி, அடுத்தது தெளியவைக்கும் தாங்கி, கடைசியில் குளோரின். சரி, இது பலருக்கும் தெரிந்ததுதான். விஷயம் இருப்பது தெளியும் தாங்கியின் அடியில் படியும் பழுப்புச் சேற்றில். அதில் பெரும்பகுதியைக் காற்றுத் தாங்கிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெற் என்ற இருவர் அந்தச் சேற்றை வீசாமல் அடுத்தடுத்த கழிவுநீரோடு சேர்த்துக் காற்றூதினார்கள். வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத்தான்.

அந்தச் சேற்றில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கள். பற்றீரியாக்கள் பசை சுரந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் திரளாக நிற்கும். திரளின் ஓரத்தில், மெல்லிய காம்புகளில், மணி வடிவில் வோர்ட்டிசெல்லா என்ற ஒருகல உயிர். அதன் வாயைச் சுற்றியுள்ள பிசிர்கள் நீரைச் சுழற்றி, திரளில் ஒட்டாமல் மிதக்கும் பற்றீரியாக்களை உள்ளே இழுக்கும். கண்ணாடியை லேசாகத் தட்டினால் காம்பு சில மில்லிசெக்கனில் சுருள்வில்லாகச் சுருண்டுவிடும். பிறகு ஆறுதலாக நிமிரும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வெளியேறும் நீர் கண்ணாடிபோல இருப்பதில் இந்த மணிகளுக்குப் பெரிய பங்குண்டு.

இவை எல்லாவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். தாங்கியில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் கரைந்திருந்தால் நல்லது. கொழும்புச் சூட்டில், 30 பாகையில், தூய நீரில்கூட ஏழரை மில்லிகிராம்தான் கரையும். மோட்டார் நின்றால் பசித்த பற்றீரியாக்கள் இருப்பதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். சேறு அடியில் இறங்கும். அப்புறம், ஒட்சிசனுக்குப் பதில் நீரில் கரைந்துள்ள சல்பேற்று என்ற உப்பைக் கொண்டு வாழும் வேறு பற்றீரியாக்களின் காலம். அழுகிய முட்டை மணம் அவற்றின் வேலை. கடல்நீரில் லீற்றருக்கு 2.7 கிராம் அளவில் சல்பேற்று இருக்கிறது. கடலோரத்தில் வெடித்த குழாய்களுக்குள் உப்புநீர் கசிந்தால் மணம் இன்னும் மோசமாகும். வோர்ட்டிசெல்லாவோ காம்பை உதறிவிட்டு நீந்திப் போய்விடும்.

சில தாங்கிகளில் காற்றை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். கழிவுநீரில் உருவாகும் நைத்திரேற்று என்ற உப்பை நைதரசன் வாயுவாக்க, கணக்குப் போட்டு அமைத்த ஏற்பாடு அது. இரவு முழுக்க நிறுத்துவது வேறு.

மாதம் ஒரு பொதி நுண்ணுயிர்த் தூள் போட்டால் மோட்டாரே தேவையில்லை என்று விற்க வருபவர்களை நம்பாதீர்கள். தேவையான உயிர்கள் கழிவோடு தாமாகவே வருகின்றன. அவை கேட்பது காற்றை மட்டும்தான். அந்தக் காசில் ஒட்சிசன் அளக்கும் கருவி வாங்குங்கள், ஒட்சிசன் மிதமிஞ்சிய நேரங்களில் மோட்டாரின் வேகத்தைக் குறையுங்கள், அடைபட்ட காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். மின்செலவு அங்கேதான் குறையும். தொடர்மாடித் தாங்கிகளை ஆராயப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாளைக் காலை காற்றுத் தாங்கியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் நீர் எடுத்து, அசையாமல் அரை மணித்தியாலம் வையுங்கள். சேறு அடியில் திரண்டு, மேலே தெளிந்த நீர் நின்றால் உங்கள் தாங்கி உயிரோடு இருக்கிறது.