மண்ணுக்கு மேலே ஒரு கிழங்கு

கிழங்கு என்றால் தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் காய்வள்ளிக் கொடியை ஒரு முறை பார்க்க வேண்டும். இலை வெற்றிலை மாதிரி இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில், சாம்பலும் பழுப்புமாகச் சொரசொரவென்று ஒரு கிழங்கு தொங்கும். காவள்ளி, வெற்றிலைவள்ளி என்றும் சொல்வார்கள். தாவரவியலில் டயோஸ்கோரியா பல்பிஃபெரா.

தொங்குவது காய் இல்லை. பூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செடிகளின் இலைக்கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும்; வழக்கமாக அதுதான் கிளையாக வளரும். காய்வள்ளியில் அந்த இடம் கிளைக்காமல், இலைகள் தயாரிக்கும் மாவுச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு உப்புகிறது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்பதால் விதை உண்டாக இரண்டும் வேண்டும். கிழங்குக்கு அந்தத் தேவை இல்லை. உதிரும் ஒவ்வொன்றும் தாய்க்கொடியின் அச்சு அசல்.

இந்தக் கொடியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தூக்கம்தான். முதல் வருடம் அவசரப்பட்டுப் பறித்த கையோடு நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். மாதங்கள் போயும் முளை வரவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகியிருந்தது. முற்றிய கிழங்குக்குள்ளேயே முளையை அடக்கிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. சில மாதங்கள் கழிந்தால்தான் அது தளரும். அதன்பின் மண்ணும் வேண்டாம், நீரும் வேண்டாம். அலமாரியில் சும்மா கிடக்கும் கிழங்கிலேயே கூர்மையான முளை ஒன்று எட்டிப்பார்க்கும். நடுவதற்கு அதுதான் நேரம்.

நடுவது எளிது. நீர் தேங்காத பொலபொலப்பான மண்ணில் இரண்டு அங்குல ஆழம் போதும். பெரிய கிழங்காகப் பார்த்து நடுங்கள். வேர் பிடித்து இலை விரியும்வரை கொடிக்குச் சாப்பாடு அந்தக் கையிருப்புதான். பந்தலை மட்டும் முதலிலேயே உறுதியாகப் போட்டுவிட வேண்டும். நல்ல வெயிலும் ஈரமும் கிடைத்தால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டர்வரை ஏறக்கூடிய கொடி இது.

முதலில் வெறும் இலையாகவே தழைக்கும். கவலைப்பட வேண்டாம். பகல் குறுகத் தொடங்கியதும் கொடி சேமிப்பில் இறங்கும், கக்கங்கள் உருளத் தொடங்கும். அப்புறம் இலை பழுத்துக் காயும். தொட்டதும் கையோடு வந்துவிடும் கிழங்கு முற்றியது. மண்ணுக்குள்ளும் ஒரு சிறு கிழங்கு இருக்கும். அதை விட்டுவைத்தால் அடுத்த பருவத்தில் அதுவே தளிர்க்கும்.

சாப்பிடும் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்த இனத்தின் காட்டு வகைகளில் டயோஸ்பல்பின் என்ற கசப்புப் பொருள்கள் உண்டு. அவற்றில் சில கல்லீரலைக் கெடுக்கும். உணவுக்கென்று வளர்த்துவந்த வகைகளில் கசப்பு குறைவு. அதனால், சாப்பிட்டுப் பழகியவர்களிடமிருந்து மட்டுமே விதைக்கிழங்கு வாங்குங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது. வேகவைத்த பிறகும் கசந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. 1905-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன இந்தக் கொடி, அங்கே மரங்களையே மூடி வளரும் களையாகிவிட்டது. அதைக் கட்டுப்படுத்த, இதன் இலையை மட்டுமே தின்னும் ஒரு சிவப்பு வண்டை 2011-இல் கொண்டுவந்து விட்டார்கள். இத்தனைக்கும் அங்கே அது விதையால் பரவவில்லை, உதிர்ந்த கிழங்குகளாலேயே பரவியது. கோலிக்குண்டு அளவுக் கிழங்குகூட முளைக்கும். எனவே கொடி காய்ந்ததும் பந்தலுக்கு அடியில் சருகை விலக்கி, கிடப்பதை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள்.