சுருண்டு கிடந்த பூர்ஜப் பட்டை

பிரிட்டிஷ் நூலகம் 1994-ல் வாங்கிய பூர்ஜ (birch) மரப்பட்டைச் சுருள்கள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மொழி காந்தாரி, இன்றைய பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் இருந்த காந்தார நாட்டுப் பழைய மொழி. எழுத்து கரோஷ்டி, அந்தப் பகுதியின் பழைய எழுத்து. இன்று கையில் இருக்கும் பௌத்தச் சுவடிகளிலேயே மிகப் பழையவற்றில் இவையும் சேரும். பழம்பொருள் சந்தை வழியாக வந்ததால், எந்த இடத்து மண்ணில் கிடந்தவை என்பதே தெரியாமல் போனது. பெரிய இழப்பு அது.

சுருளை எப்படிப் பிரிப்பது? பட்டை காய்ந்தால் அப்பளம்தான், விரல் பட்டாலே நொறுங்கும். அதனால் கண்ணாடிக் குடுவைக்குள் இரவு முழுக்க ஈரக்காற்றில் வைப்பார்கள். பட்டை கொஞ்சம் இளகியதும் இடுக்கியால் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே படிய வைப்பார்கள்.

அன்று சுவடியை அடியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டினார்கள். ஆகவே நூலின் தொடக்கம் வெளிச்சுற்றில் இருந்ததால் முதலில் சிதைந்தது. முடிவு நடுவில் பத்திரமாக இருந்தது. தலைப்பகுதி இல்லாத நூல்களே அதிகம் கிடைப்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. சுருளில் விழுந்த ஓட்டை, பிரித்த பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை திரும்பத் திரும்ப வரும், உள்ளே போகப் போக இடைவெளி குறையும். உதிர்ந்த துணுக்கு எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க அந்தச் சேதமே வழிகாட்டுகிறது.

படிப்பது அடுத்த பாடு. கரோஷ்டி வலமிருந்து இடமாக ஓடும். இந்தச் சுவடிகளில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, இரட்டை மெய்யும் ஒற்றையாகத்தான் நிற்கும். புள்ளியில்லாத நம் ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். எழுத்தை மட்டும் வைத்துச் சொல்லை உறுதி செய்ய முடியாது, இணையான பாடம், அதாவது வேறொரு மொழியில் இருக்கும் அதே நூல், தேவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் சாலமன் ஒரு சுருளின் துணுக்குகளை இப்படித்தான் அடையாளம் கண்டார். 'காண்டாமிருகக் கொம்புபோலத் தனியே திரி' என்று பாட்டுதோறும் முடியும் நூல் அது. பாலி மொழிப் பௌத்த நூலான சுத்தநிபாதத்தில் அதே பாடல்கள் இருக்கின்றன. வரிசையும் சொற்களும் அங்கங்கே மாறுகின்றன.

எனக்கு மறக்க முடியாதது ஒரு சிறு குறிப்பு. சில சுருள்களில், மூல எழுத்துக்கு நடுவே வேறொரு கை 'லிகிதகோ' என்று எழுதியிருக்கிறது. எழுதியாகிவிட்டது என்று பொருள். புதுப் படி எடுத்தபின் பழையதை ஒதுக்கிவிட்டார்கள் என்று சாலமன் முதலில் கருதினார். பின்னர் வேறொரு விளக்கத்துக்கு வந்தார்: புத்தரின் எலும்பையும் சாம்பலையும் கலயத்தில் இட்டுப் புதைத்த அதே பக்தியோடு, அவர் சொல்லையும் பானையில் இட்டுப் புதைத்திருக்கிறார்கள்.