யானைக்கு ஏன் வேர்த்தது?

"சித்தி, யானைக்கு வேர்க்குது!"

ஐப்பசி அடைமழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த காலையில் அக்கா மகள் இப்படிக் கூப்பிட்டாள். கோடை விடுமுறையில் மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உப்பு மாவில் செய்த யானை அது. கொலுவில் கடைசிப் படியில் நின்றது. கொலு முடிந்து மற்ற பொம்மைகளைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டோம். யானையை மட்டும் டிவி பக்கத்திலேயே விட்டுவிட்டோம். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. துதிக்கை நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அதை விரலில் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "உப்புத் தண்ணி."

யானையைச் செய்த கதையிலிருந்து வந்தால்தான் இது புரியும்.

அளவு சுலபம். ஒரே டம்ளரால் அளந்து 2 பங்கு மைதா, 1 பங்கு தூள் உப்பு, முக்கால் பங்கு தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைய வேண்டும். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 200 மில்லி டம்ளர் என்றால் உப்பு ஏறக்குறைய 240 கிராம்; தண்ணீர் 150 மில்லி. 100 மில்லி தண்ணீரில் கரையக்கூடிய உப்பு சுமார் 36 கிராம்தான். ஆக, நாம் ஊற்றுகிற தண்ணீரில் 54 கிராம் கரையும். மீதி, முக்கால் பங்குக்கும் மேல், கரையாமல் அப்படியே மாவுக்குள் கிடக்கும். சிமெண்ட்டில் மணல் மாதிரி அது பருமனைக் கொடுக்கிறது. காயும்போது பொம்மை அதிகம் சுருங்காமல் பார்த்துக்கொள்கிறது. கரைந்த 54 கிராமுக்கு வேறு வேலை. தண்ணீர் போகப்போக அது மறுபடி படிகமாகி, கரையாத குருணைகளையும் மாவையும் ஒன்றோடொன்று கட்டுகிறது. காய்ந்த பொம்மையைத் தட்டினால் ஓட்டுச்சில் போல 'டக்'கென்று கேட்பது இந்தக் கட்டினால்தான்.

மைதா எதற்கு? நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கடை மைதாவா என்று அம்மாவுக்குக் கோபம். அரிசி மாவிலும் செய்து பார்த்தோம். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்தது. கொழுக்கட்டைக்குச் செய்வது போல வெந்நீர் ஊற்றிக் கிளறினால் மாவுச்சத்து உப்பி ஓரளவு பிடிப்பு வந்தது. ஆனால் காய்ந்ததும் விரிசல் விட்டது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரத வலை அரிசியில் இல்லை. பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி அடிக்கும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அதுதான் குளூட்டன். அந்த இழுவை பரோட்டாவுக்கு வேண்டும். பொம்மைக்கு அது தொல்லை. யானைக் காதை அழுத்தி விரித்தால் ரப்பர் போலத் திரும்பச் சுருங்கிவிடும். இத்தனை உப்பு சேரும்போது, குளூட்டன் வலை பின்னுவதற்கு வேண்டிய தண்ணீரை உப்பு பிடித்துக்கொள்கிறது. வலை அரைகுறையாகவே நிற்கிறது. மாவு ஒட்டிக்கொள்ளும், ஆனால் துள்ளாது. வைத்தது வைத்தபடி இருக்கும்.

பிள்ளைகள் பொறுமையிழக்கிற கட்டம் காயவைப்பது. எங்கள் முதல் யானை அதில்தான் போனது. கொழுகொழு வயிறு, உள்ளே முழுக்க மாவு. நேராக மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டோம். மாலைக்குள், கோடையில் பாளம் பாளமாக வெடித்த வயல் மாதிரி ஆகிவிட்டது. அங்கே நடப்பதும் இதேதான்: மேல்தோல் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் இருப்பதால் அடிப்பகுதி சுருங்க மறுக்கிறது, இழுபறியில் தோல் கிழிகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் காய்கிற நேரம் சுமார் நான்கு மடங்கு ஆகும். ஈரம் உள்ளிருந்து ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். அதனால் இரண்டாவது யானைக்குக் கசக்கிய செய்தித்தாள் உருண்டையை வயிறாக வைத்து, அதன்மேல் மாவை ஒரு சென்டிமீட்டருக்குள் போர்த்தினோம். முதல் நாள் நிழல், அப்புறம் வெயில், வடாம் போலத் திருப்பித் திருப்பி. நான்கு நாள் ஆனது. ஓவன் உள்ளவர்கள் 100 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். உள்ளே நீராவி கட்டிப் பூரி மாதிரி உப்பிவிடும்.

காய்ந்த யானைமேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய செங்கல் சுவர்களில் உப்பு பூக்குமே, அதேதான். ஈரம் மேலே வந்து ஆவியாகிறது. கூட வந்த உப்பு போக வழியில்லாமல் மேலேயே தங்கிவிடுகிறது. உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுத்தான் வர்ணம் பூச வேண்டும். ஈரத்துணி கூடாது. வர்ணத்திலும் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். போஸ்டர் கலரை நீர்க்கக் கரைத்துப் பூசிய பையனின் மயிலுக்குத் தோகை குழைந்து கையோடு வந்துவிட்டது. அக்ரிலிக் நல்லது, காயும்போது பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய தோலாகிவிடும். யானைக்கு நாங்கள் அக்ரிலிக் பூசி, மேலே வார்னிஷும் அடித்தோம். பிறகும் ஏன் வேர்த்தது?

இங்கேதான் 75 என்ற எண் வருகிறது. உப்பு நன்றாகக் கரைந்து நிறைந்த நீரிலிருந்து நுண்ணுயிர்களால் எளிதில் தண்ணீரை எடுத்துக்கொள்ள முடியாது. சுத்தமான தண்ணீருக்கு 100 மதிப்பெண் என்றால் இதற்கு 75. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 90க்குக் கீழேயே சோர்ந்துவிடும். பெரும்பாலான பூஞ்சைகள் 80க்குக் கீழே தடுமாறும். பிசைந்த மாவு ஒரு வாரம் டப்பாவில் இருந்தும் புளிக்காததற்கு இதுதான் காரணம். நம் உப்பு மாங்காயும் இதே தயவில்தான் நிற்கிறது.

ஆனால் அதே 75 திருப்பியும் அடிக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் டெல்டாப் பகல்கள் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையிலோ இரவும் பகலும் அதற்கு மேலேதான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யம் எங்களுக்குப் பக்கம்தான். அந்தப் பக்கத்துக் கல்லுப்பைப் பொடித்துத்தான் நாங்கள் சேர்த்தோம், வாங்கிய தூள் உப்பு பாதியில் தீர்ந்ததால். உப்பளப் பாத்தியில் உப்பு இறங்கிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது கொஞ்சம் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கோ 75 வரை காத்திருக்கும் பழக்கமில்லை. 33 சதவீத ஈரத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். அடுக்களையில் கல்லுப்பு ஜாடி எப்போதும் நசநசவென்று இருப்பது இதனால்தான். பொம்மைக்குச் சுத்திகரித்த தூள் உப்பே மேல் என்பது என் முடிவு.

யானையைக் கவிழ்த்துப் பார்த்தோம். நான்கு பாதங்களின் அடியிலும் வர்ணமும் இல்லை, வார்னிஷும் இல்லை. நிற்கிற இடம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தோம். காற்று அங்கே புகுந்து, துதிக்கை நுனியில் இருந்த தலைமுடி அளவு மெல்லிய விரிசல் வழியாகச் சொட்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் இந்த மாவு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விரல் நுனி அளவு நக்கினால் முகம் சுளிப்பதோடு போகும். உருண்டையாக விழுங்கினால் உடம்பில் உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மழை விட்டதும் யானையை மூன்று நாள் வெயிலில் வைத்தோம். துதிக்கை பாதியில் உடைந்தது. மைதாக் கரைசல் வைத்து ஒட்டினாள். பாதங்களுக்கு இரண்டு தடவை வார்னிஷ். இப்போது அது இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில், செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவில் படுத்திருக்கிறது. சம்படத்தின்மேல் அவளே காகிதம் ஒட்டியிருக்கிறாள்: "தை மாசம் வரைக்கும் தொறக்காதே."