ஸ்காலப் கேட்டால் என்ன கிடைக்கும்?

சிட்னியில் ஒரு மீன்-சிப்ஸ் கடையில் இரண்டு 'ஸ்காலப்' கேட்டால் உருளைக்கிழங்குப் பொரியல் துண்டுகள் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். மெல்போர்னில் அதே சொல்லைச் சொன்னால் கடல் சிப்பி வரும். உருளைக்கிழங்குதான் வேண்டுமென்றால் அங்கே 'பொட்டேட்டோ கேக்' என்று கேட்க வேண்டும். அடிலெய்டில் 'பொட்டேட்டோ ஃபிரிட்டர்'. சிட்னிக்காரர்களுக்குச் சிப்பி தேவைப்படும்போது 'ஸீ ஸ்காலப்' என்று கடலை முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பண்டம் என்னவோ ஒன்றுதான். நம் உருளைக்கிழங்கு பஜ்ஜியைக் கொஞ்சம் தடிமனாக நினைத்துக்கொண்டால் போதும். கிழங்கை அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் வட்டமாகச் சீவி, ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த மாவில் புரட்டி, பிறகு கோதுமை மாவுக் கரைசலில் தோய்த்து 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஈரத்தைத் துடைக்காவிட்டால் மேலுறை கிழங்கில் ஒட்டாமல் கழன்றுவிடும். கனமாகச் சீவினால் வெளியே சிவந்தும் உள்ளே வேகாமலும் இருக்கும்; அதனால் கிழங்கை முன்கூட்டியே அரைவேக்காடாக எடுத்து வைக்கும் கடைகளும் உண்டு. செய்முறையில் மாநிலத்துக்கு மாநிலம் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பெயர் மட்டும் மாறுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், ஆஸ்திரேலிய ஆங்கிலத்தின் உச்சரிப்பு அவ்வளவாக மாறுவதில்லை. பெர்த்துக்கும் சிட்னிக்கும் நேர்கோட்டில் சுமார் 3,300 கிலோமீட்டர். இருந்தும் ஒருவர் பேசுவதைக் கேட்டு எந்த ஊர்க்காரர் என்று சொல்வது கடினம். இங்கிலாந்தில் இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் பேச்சு வேறாகிவிடும். ஆஸ்திரேலியாவில் ஊரைக் காட்டிக்கொடுப்பது சில சொற்கள்தாம். அவற்றில் பெரும்பங்கு சாப்பாட்டுச் சொற்களும் நீச்சல் உடைக்கான சொற்களும்.

எல்லா உணவுக்கும் இப்படி நேர்வதில்லை. ரொட்டியில் தடவிக்கொள்ளும் வெஜிமைட் 1923இல் மெல்போர்னில் பிறந்தது. இன்று நாடு முழுவதும் அதற்கு அதே பெயர்தான். புட்டியிலேயே பெயர் அச்சாகி ஊர் ஊராகப் போனால் பெயர் பிரிவதற்கு இடமில்லை. லாமிங்டன் கேக் கடைக்குக் கடை செய்யப்படுவதுதான், ஆனாலும் ஒரே பெயர். அது செய்தித்தாள் சமையல் குறிப்புகள் வழியாக, அதாவது அச்சில், பரவியது. பிரிபவை வேறு வகை: பக்கத்திலேயே செய்யப்படுபவை, நெடுந்தூரம் தாங்காதவை, ஒட்டுச்சீட்டு இல்லாமல் கண்ணாடிப் பெட்டிக்கு அப்பாலிருந்து வாயால் கேட்டு வாங்கப்படுபவை. கடைக்காரர் சொல்வதை வாடிக்கையாளர் சொல்வார், அதையே அவர் பிள்ளைகளும் சொல்வார்கள். வலைவலையாகக் கோடு போட்ட தோலுடைய முலாம்பழம் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் 'ராக்மெலன்', மெல்போர்னில் பலருக்கு 'கேண்டலோப்'. பழத்துக்கு நெடுங்காலம் ஒட்டுச்சீட்டு கிடையாது. கடைக்காரர் கையால் எழுதும் அட்டைதான்.

ஒட்டுச்சீட்டு இருந்தும் பிரிந்தது வேர்க்கடலை வெண்ணெய். 'பட்டர்' என்ற சொல் பாலிலிருந்து எடுத்த வெண்ணெய்க்கே உரியது என்று பால் பண்ணைத் தொழிலுக்கு ஆதரவாகச் சில மாநில விதிகள் இருந்தன. அதனால் குவின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களில் அது நெடுங்காலம் 'பீனட் பேஸ்ட்'. மற்ற இடங்களில் 'பீனட் பட்டர்'. விதிகள் போய்விட்ட பிறகும் வயதானவர்கள் வாயில் பேஸ்ட் மிச்சம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஒரு மலிவான இறைச்சி. பன்றி, மாட்டு இறைச்சியைக் கூழாக அரைத்து, மாவுப்பொருளும் மசாலாவும் சேர்த்து, தடித்த உறையில் அடைத்து வேகவைத்து, ஆறியபின் மெல்லிய வில்லைகளாக வெட்டி விற்பது. ரொட்டிக்கு நடுவே தக்காளி சாஸுடன் வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் இதன் பெயர் 'டெவன்'. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவில் 'ஸ்ட்ராஸ்', அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 'ஃபிரிட்ஸ்', மேற்கில் 'பொலோனி', டாஸ்மேனியாவில் 'பெல்ஜியம்', குவின்ஸ்லாந்தில் 'லஞ்சன்' அல்லது 'வின்ட்ஸர்'. உறையிலும் மசாலாவிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. அடிலெய்டின் 'பங் ஃபிரிட்ஸ்' விலங்கின் குடல் உறையில் அடைக்கப்பட்டு, மேல்தோல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இவை வெவ்வேறு பண்டங்கள் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வில்லையாக வெட்டிய பிறகு கண்டுபிடிக்கச் சொன்னால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள்.

முதலில் இதற்கு 'ஜெர்மன் சாஸேஜ்' என்றே பெயர். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் என்ற அடைமொழி விற்பனைக்கு ஆகாமல் போயிற்று. இறைச்சிக் கூடங்கள் அந்தந்த நகரத்தைச் சுற்றி இயங்கியவை, மாற்றுப் பெயரை நாடு முழுவதற்கும் சேர்த்து முடிவுசெய்ய யாரும் இல்லை. டெவன் இங்கிலாந்தின் ஒரு மாவட்டம். பெல்ஜியம் நேச நாடு. வின்ட்ஸர் என்பது பிரிட்டிஷ் அரச குடும்பம் தன் ஜெர்மன் பெயரை விட்டுவிட்டு 1917இல் சூட்டிக்கொண்ட பெயர். ஸ்ட்ராஸ் என்பது ஸ்ட்ராஸ்பர்க்கின் சுருக்கம். அந்த நகரம் போர் தொடங்கும்போது ஜெர்மனியில் இருந்தது, முடியும்போது பிரான்ஸ் கைக்குப் போனது. தெற்கு ஆஸ்திரேலியாதான் விசித்திரம். 1830களின் இறுதியிலிருந்தே ஜெர்மானியர் குடியேறிய மாநிலம் அது. 1917இல் சட்டம் போட்டு 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை நீக்கினார்கள், ஹான்டோர்ஃப் 'ஆம்பிள்ஸைட்' ஆனது. இறைச்சிக்கு மட்டும் ஃபிரிட்ஸ் என்ற அசல் ஜெர்மன் ஆள்பெயர் நிலைத்துவிட்டது.

இந்தச் சொற்களின் எல்லை மாநில எல்லையோடு சரியாகப் பொருந்தாது. வட்டார வழக்கை ஆய்பவர்கள், ஒரு சொல் வழங்கும் இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து, அது நின்று மற்றொன்று தொடங்கும் இடத்தில் கோடு இழுப்பார்கள். ஒரு கோடு தற்செயலாக அமையலாம். பல சொற்களின் கோடுகள் ஒரே இடத்தில் கற்றையாகச் சேர்ந்தால் அங்கே உண்மையான பிரிவு இருக்கிறது என்று பொருள். 1980களில் பாலின் பிரையன்ட் என்ற மொழியியலாளர் இப்படி ஆஸ்திரேலியாவை ஆராய்ந்தபோது நியூ சவுத் வேல்ஸின் தென்பகுதி விக்டோரியாவோடு சேர்ந்தது. காரணம் தூரம்தான். முர்ரே ஆற்றங்கரையில் உள்ள ஆல்பரி நியூ சவுத் வேல்ஸ் ஊர், ஆனால் சிட்னியைவிட மெல்போர்ன் அதற்கு மிகவும் பக்கம். சரக்கும் செய்தித்தாளும் கால்பந்தும் வந்த திசையிலிருந்தே சொல்லும் வந்தது.

புரோக்கன் ஹில் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சுரங்க நகரமான இது நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரம் அடிலெய்டு நேரத்தில் ஓடுகிறது. தெற்கு ஆஸ்திரேலியத் துறைமுகத்தை நோக்கிய ரயில் பாதை 1888இலேயே வந்துவிட்டது. சிட்னிக்கு முழுப் பாதை 1927இல்தான். நாற்பதாண்டுகள் உப்பு முதல் இறைச்சி வரை அடிலெய்டு வழியாக வந்த ஊர் வேறு எப்படிப் பேசும்? ரயில் தண்டவாளத்தின் அகலமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: நியூ சவுத் வேல்ஸில் 1,435 மில்லிமீட்டர், விக்டோரியாவில் 1,600, குவின்ஸ்லாந்தில் 1,067. மெல்போர்ன்-சிட்னி சரக்கு 1962 வரை ஆல்பரியில் வண்டி மாறியாக வேண்டும். கெட்டுப்போகும் உணவை அப்படி இறக்கி ஏற்றி அனுப்புவதைவிட உள்ளூரிலேயே செய்துகொள்வது மலிவு.

இத்தகைய கணக்கெடுப்பு எளிதாகத் தோன்றும், ஆனால் கேள்வியிலேயே கெட்டுவிடும். "இதை ஸ்காலப் என்பீர்களா, கேக் என்பீர்களா?" என்று கேட்டால், இரண்டையும் கேள்விப்பட்டவர் எதையாவது சொல்லிவைப்பார். படத்தைக் காட்டி "இதற்குப் பெயர் என்ன?" என்பதே சரி. படத்தில் மேலுறை தெளிவாகத் தெரியாவிட்டால் 'ஹேஷ் பிரவுன்' என்று பதில் வரும். அது துருவிய கிழங்கில் செய்யும் வேறு பண்டம். தற்போதைய முகவரியைக் கேட்பதும் பயன்படாது. பிரிஸ்பேனில் இருபது ஆண்டு வாழ்ந்த மெல்போர்ன்காரர் குச்சி ஐஸை இன்னும் 'ஐஸி போல்' என்பார், அவர் மகள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் போல 'ஐஸ் பிளாக்' என்பாள். பள்ளிப் பருவத்தில் வாழ்ந்த ஊரின் அஞ்சல் குறியீட்டையும் வயதையும் சேர்த்துக் குறித்தால்தான் வரைபடம் உண்மையைக் காட்டும்.

உருளைக்கிழங்கில் ஏமாந்தால் சில டாலர்தான் நட்டம். பீர் கோப்பையில் அப்படியல்ல. நியூ சவுத் வேல்ஸில் 'ஸ்கூனர்' 425 மில்லி; அடிலெய்டில் அதே பெயருக்கு 285 மில்லிதான். அடிலெய்டில் 'பைன்ட்' கேட்டால் 425, மற்ற மாநிலங்களில் 570. அந்த 285 மில்லிக் கோப்பைக்கு சிட்னியிலும் பெர்த்திலும் 'மிடி', மெல்போர்னிலும் பிரிஸ்பேனிலும் 'பாட்', டார்வினில் 'ஹேண்டில்'. இந்த அளவுகள் பழைய 10, 15, 20 அவுன்ஸை மெட்ரிக்குக்கு மாற்றியவை. 4.9 சதவீத பீரானால் 285 மில்லியில் சுமார் 11 கிராம் மதுசாரம், 425இல் 16, 570இல் 22. ஆஸ்திரேலியக் கணக்கில் ஓர் அலகு 10 கிராம். வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் வரம்பு 0.05 சதவீதம். அடிலெய்டில் 'இரண்டு பைன்ட்' குடித்துப் பழகியவர் பெர்த்தில் அதையே கேட்டால் ஓர் அலகுக்கு மேல் கூடுதலாக உள்ளே போகும். அடிலெய்டில் 570 வேண்டுமானால் 'இம்பீரியல் பைன்ட்' என்று கேட்க வேண்டும். ஊர் புதிதென்றால் மில்லி கணக்கில் கேட்டுவிடலாம். பரிமாறுபவர் கொஞ்சம் சிரிப்பார், அவ்வளவுதான்.